உறிஞ்சுவது யார்?

(ஒரு சிற்றூர் நூலகத்தின் வாசகர் வட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சென்ற மாதம் நூலகர் அவர்கள் வாயிலருகே ஒரு தகரப் பெட்டியை வைத்து, அன்றாட வாழ்வில் நம் கண்ணில் படுகிற கருவிகளையும் இயந்திரங்களையும் பற்றி யாருக்கு எந்தச் சந்தேகம் இருந்தாலும் ஒரு சீட்டில் எழுதி அதனுள் போடலாம் என்று அறிவித்திருந்தார். பெயர் எழுத வேண்டியதில்லை என்று சொன்னதனால்தானோ என்னவோ, இருபத்துமூன்று சீட்டுகள் சேர்ந்துவிட்டன. அவற்றை வீட்டுக்கு எடுத்துச் சென்று, ஊஞ்சலில் பரப்பி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் படித்தபொழுது எனக்கு ஓர் ஆச்சரியம் உண்டாயிற்று. தண்ணீர்க் கேனைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தும் அது ஏன் முழுவதும் கொட்டிவிடுவதில்லை என்று ஒருவர் கேட்கிறார்; எண்ணெய் டின்னில் ஒரு துளைக்கு இரண்டு துளை ஏன் போடுகிறார்கள் என்று ஒருவர் கேட்கிறார்; ஊட்டியில் பருப்பு வேக ஏன் நாழியாகிறது என்று, அநேகமாக அங்கே சம்பந்தம் செய்துகொண்ட ஒரு தாயார் கேட்கிறார்; குதிரைச் சக்தி அதிகமான மோட்டாரைப் போட்டும் கிணற்றிலிருந்து தண்ணீர் ஏன் எழவில்லை என்று நான்கு பேர், நான்கு விதமான கோபத்தோடு, கேட்கிறார்கள். வெவ்வேறு கைகளால் எழுதப்பட்ட இந்தக் கேள்விகளெல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பது எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அந்தக் குடும்பத்தைச் சேராத ஒன்றிரண்டு சீட்டுகளை முதலில் தள்ளிவிடுகிறேன். மின்கம்பியில் உட்காரும் காக்கை ஏன் சாவதில்லை என்றால், அதன் இரண்டு கால்களும் ஒரே கம்பியின் மேல், ஒரே மின்னழுத்தத்தில் இருக்கின்றன. அது ஒரே சமயத்தில் வேறொரு கம்பியையோ, மண்ணோடு தொடர்புள்ள இரும்பையோ தீண்டினால் செத்துத்தான் போகும். பல்லி சுவரில் ஒட்டிக்கொள்வது காற்று அழுத்துவதனாலா என்று கேட்டவருக்கு, அன்று என்பதே விடை. காற்றை அகற்றிய பாத்திரத்துக்குள்ளும் பல்லியின் கால் ஒட்டத்தான் செய்கிறது. இன்று நான் காற்றைப் பற்றியே பேசப் போகிறேனாகையால், எல்லாவற்றையும் காற்றின் தலையில் கட்டிவிடக் கூடாது என்பதை முன்கூட்டியே சொல்லிக்கொள்வது நல்லது.

நம்மை ஏமாற்றுவது ஒரு வினைச்சொல். 'உறிஞ்சுகிறது' என்கிறோம். குழந்தை குழலால் பானத்தை உறிஞ்சுகிறது, பம்பு கிணற்றை உறிஞ்சுகிறது, வேர் மண்ணை உறிஞ்சுகிறது என்று மூன்றையும் ஒரே சொல்லால் சொல்லி முடித்தவுடன், மேலே இருக்கிற ஏதோ ஒன்று கீழே இருக்கிற தண்ணீரைக் கைபோட்டு இழுக்கிறது என்ற சித்திரம் மனத்தில் பதிந்துவிடுகிறது. பதிந்த பிறகு, இழுக்கிறவனுக்குப் பலம் கூடினால் இன்னும் ஆழத்திலிருந்து இழுப்பான் என்று எண்ணுவதும், கடைக்குப் போய்ப் பெரிய மோட்டாராக வாங்கி வருவதும் தாமே நடக்கின்றன. இந்தப் பிசகை நான் ஏட்டில் படித்து அறிந்தவனல்லன். என் பெரியப்பாவின் கிணற்றடியில் நின்று, பத்துப் பேர் பார்க்க, அவமானப்பட்டு அறிந்தவன்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னால், கொங்கு நாட்டில் மழை பொய்த்த ஒரு கோடையில், பெரியப்பாவின் கிணற்றில் நீர்மட்டம் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போயிற்று. கவலை ஏற்றத்தை அவிழ்த்துவிட்டு மோட்டார் வைத்த முதல் தலைமுறை அவர். கிணற்று மேட்டில் ஓட்டுக் கொட்டகையில் இருந்த மூன்று குதிரைச் சக்தி மோட்டார் ஒரு நாள் காலையில் தண்ணீர் எடுக்காமல் நின்றது. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பம்பை நிரப்பினார்கள். புட்வால்வைக் கழற்றித் துடைத்தார்கள். குழாய் இணைப்புகளில் காற்றுப் புகுகிறதென்று சணலைச் சுற்றிப் பெயிண்டு பூசினார்கள். போட்டவுடன் ஒரு கணம் நீர் வரும். பிறகு பம்பின் வயிற்றுக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினாற்போல ஒரு சத்தம் கேட்கும். வந்த நீரும் நின்றுபோகும். பெரியப்பா மோட்டாரை வைது, விற்றவனை வைது, கடைசியில் கடன் வாங்கி ஐந்து குதிரைச் சக்தி மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். அதுவும் அதே கூழாங்கல்லைத்தான் குலுக்கிற்று.

நான் அப்பொழுது கல்லூரியில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வந்தவன், கயிற்றில் கல்லைக் கட்டி விட்டு அளந்தேன். பம்பிலிருந்து நீர்மட்டம் இருபத்தெட்டு அடி. என் பாடப் புத்தகத்தில் பம்பு நீரை உறிஞ்சி ஏற்றக்கூடிய எல்லை 34 அடி என்று போட்டிருந்தது. ஆகவே தண்ணீர் எழுந்தே தீர வேண்டும், எழாதது இயந்திரத்தின் குற்றமே என்று, பரீட்சையில் எழுதியதையெல்லாம் சேர்த்து, கூடியிருந்தவர்களுக்கு ஒரு சிறு பிரசங்கமே செய்தேன். கிணறு வெட்டும் கிழவர் ஒருவர், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பீ, இருவது அடிக்கு மேல இது எடுக்காதுங்க. உள்ளே திட்டுக் கட்டி மோட்டாரை எறக்கி வச்சாத்தான் ஆகும்" என்றார். புத்தகத்தில் 34 போட்டிருக்கிறதென்று நான் மறுபடியும் சொன்னேன். அவர் புத்தகத்தை மறுக்கவில்லை, சிரித்தார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பெரியப்பா என்னைப் பார்த்து, கிணற்றை ஒட்டி நின்ற தென்னையைக் கையால் காட்டினார். "ஏஞ் சாமி, இந்த மரம் அறுவது அடிக்கு ஏத்துதே, உம்பட சட்டம் இதுக்கு இல்லியாக்கும்?" என்றார். என்னிடம் விடையில்லை. கல்லூரியில் அதை எவரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றியிருக்கவில்லை.

என் தடுமாற்றத்துக்கு ஒரு மகத்தான முன்னோடி உண்டு என்பதைப் பிற்பாடு அறிந்தபொழுது மனம் சற்றே ஆறுதலடைந்தது. இத்தாலிய தேசத்து கலிலியோ, தமது முதுமையில் எழுதி, 1638-ஆம் ஆண்டில் லெய்டன் நகரில் அச்சான நூலொன்றில், இதே விஷயத்தைப் பற்றிப் பேசுகிறார். ஒரு பம்பு பழுதாகிவிட்டதென்று அதைச் செப்பனிட ஒரு தொழிலாளியை அழைத்ததாகவும், பம்பில் குற்றமில்லை, நீர்மட்டம்தான் தாழ்ந்துவிட்டது, அந்நாட்டு அளவில் பதினெட்டு முழத்துக்கு மேல் எந்தப் பம்பாலும் நீரை உறிஞ்சி ஏற்ற இயலாது என்று அவன் சொன்னதாகவும் அந்நூலின் உரையாடலில் ஒரு பாத்திரம் கூறுகிறது. அங்கும் உண்மையை அறிந்திருந்தவன் தொழிலாளிதான். அறிஞர் அதற்குக் காரணம் தேடினார். கம்பியோ கயிறோ மிகவும் நீளமாகத் தொங்கினால் தன் பாரத்தாலேயே அறுந்து விழுவதுபோல, நீர்த் தூணும் அந்த உயரத்தை எட்டியதும் தன் பாரம் தாங்காமல் அறுந்துவிடுகிறது என்பது அவர் கண்ட காரணம். அழகான உவமை, பம்பைப் பொறுத்த மட்டில் பிழையான உவமை. இந்தக் கயிற்றை மறந்துவிடாமல் ஒரு பக்கத்தில் வைத்திருக்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

கலிலியோவின் கடைசி மாதங்களில் அவரோடு தங்கியிருந்து, அவர் காலமான பிறகு அவருடைய ஸ்தானத்தில் அமர்ந்தவர் டாரிசெல்லி. அவர் கேள்வியையே திருப்பிப் போட்டார். மேலே இருப்பது எதுவும் தண்ணீரை இழுக்கவில்லை. கிணற்று நீரின் பரப்பின் மீது, வெளியில், ஆகாயம் முழுவதும் அமர்ந்து அழுத்திக்கொண்டிருக்கிறது. குழாய்க்குள் இருந்த காற்றைப் பம்பு அகற்றிவிட்டால், அந்த ஓரிடத்தில் மட்டும் அமுக்குவார் இல்லாமற் போகவே, வெளியழுத்தம் நீரைக் குழாய்க்குள் தள்ளுகிறது. தள்ளிய நீர்த் தூணின் பாரமும் ஆகாயத்தின் பாரமும் சமமானவுடன் ஏற்றம் நின்றுவிடுகிறது என்றார். நாமெல்லோரும் ஒரு காற்றுக் கடலின் அடித்தரையில் வாழ்கிறோம் என்ற கருத்தை 1644-ஆம் ஆண்டில் ரோமிலிருந்த தம் நண்பருக்குக் கடிதமாக எழுதினார். வாதம் செய்ததோடு நில்லாமல் பரிசோதனையையும் முன்வைத்தார். தண்ணீரைவிடப் பாதரசம் 13.6 மடங்கு கனமானது. ஆகையால் அது அந்த அளவுக்குக் குறைவான உயரத்திலேயே நிற்க வேண்டும். ஒரு பக்கம் மூடிய கண்ணாடிக் குழலில் பாதரசத்தை நிரப்பி, விரலால் பொத்தி, பாதரசத் தொட்டியில் கவிழ்த்தபொழுது, அது இறங்கி, ஏறக்குறைய 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றது. 76-ஐ 13.6-ஆல் பெருக்கிப் பாருங்கள். 1,033 சென்டிமீட்டருக்குச் சற்று மேலே வரும். அதுதான் 34 அடி. பள்ளிக்கூடத்துப் பெருக்கல் கணக்கு ஒன்று, வெற்றிடம் என்பதே இருக்க முடியாது என்ற இரண்டாயிரம் ஆண்டுத் தர்க்கத்தை மூட்டை கட்டி அனுப்பிவிட்டது.

ஆனால் மூட்டை உடனே போய்விடவில்லை. பாதரசத்துக்கு மேலே நின்ற வெற்றிடத்தை ஒப்புக்கொள்ள மனமில்லாதவர்கள், அது சூனியமன்று, திரவத்திலிருந்து எழுந்த ஏதோ ஓர் ஆவி அங்கே நிறைந்து திரவத்தைக் கீழே தள்ளுகிறது என்றார்கள். பிரான்ஸ் தேசத்து ரூவான் நகரில் பாஸ்கல் என்னும் இளைஞர் நாற்பது அடிக்கு மேற்பட்ட கண்ணாடிக் குழல்களைச் செய்வித்து, கப்பலின் பாய்மரத்தில் கட்டி நிறுத்தி, ஒன்றில் தண்ணீரும் மற்றொன்றில் திராட்சை மதுவும் நிரப்பினார். ஆவிதான் காரணமென்றால், ஆவி மிகுந்த மது அதிகமாகத் தாழ வேண்டும். ஆகாயத்தின் பாரமே காரணமென்றால், தண்ணீரைவிட இலேசான மது சற்று உயரமாக நிற்க வேண்டும். மது உயரமாக நின்றது. மதுவைக் கொண்டு இவ்வளவு தெளிவான காரியம் அதற்கு முன்னும் பின்னும் அதிகம் நடந்ததாகத் தெரியவில்லை.

பிறகு, காற்றுக் கடலில் மேலே போகப் போக அழுத்தம் குறைய வேண்டுமே என்று யோசித்து, மலைநாட்டில் இருந்த தம் மைத்துனர் பெரியேவுக்கு எழுதினார். 1648 செப்டம்பர் 19 அன்று பெரியே ஒரு குழலை ஊரிலிருந்த மடத்துத் தோட்டத்தில் நிறுத்தி, ஒரு துறவியை நாள் முழுவதும் அதைக் கண்காணிக்கச் செய்துவிட்டு, மற்றொன்றோடு பூய் த தோம் என்னும் மலையின் உச்சிக்கு ஏறினார். உச்சியில் பாதரசம் ஏறத்தாழ எட்டு சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. மடத்துக் குழலிலோ அசைவில்லை. இந்தக் கதையில் என் மனத்தை மிகவும் கவர்ந்தவர் மலையேறினவர் அல்லர். எதுவும் நடக்காத ஒரு குழலை நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அந்தத் துறவி. அவர் இல்லாவிட்டால், அன்று வானிலை மாறியதுதான் காரணம் என்று எவனாவது சொல்லியிருப்பான்.

சரி, இந்த ஆகாயத்தின் பாரம் எவ்வளவு? ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஒரு கிலோவுக்குச் சிறிது அதிகம். உங்கள் உள்ளங்கையைப் பத்துக்குப் பத்து என்று வைத்துக்கொண்டாலும், நூறு கிலோ அரிசி மூட்டை ஒன்று அதன் மேல் இருக்கிறது. அப்படியானால் கை ஏன் நசுங்கவில்லை என்று ஒரு மாணவர் சீட்டில் கேட்டிருக்கிறார். கைக்கு அடியிலும் அதே காற்று அதே வலிமையோடு மேல்நோக்கி அழுத்துகிறது. உடம்புக்குள் இருக்கும் திரவங்களும் வாயுக்களும் அதே அழுத்தத்தில் இருந்து பதில் சொல்கின்றன. இரண்டு பக்கமும் சமமாக இழுக்கப்படும் தேர்போல நாம் நகராமல் நிற்கிறோம். ஒரு பக்கத்தை அகற்றினால்தான் மறுபக்கத்தின் பலம் தெரியும். மாக்டபர்க் நகரத் தலைவரான குவெரிக்கே, சுமார் அரை மீட்டர் குறுக்களவுள்ள இரண்டு செம்பு அரைக்கோளங்களைப் பொருத்தி, உள்ளேயிருந்த காற்றை அகற்றிவிட்டு, 1657-இல் பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு குதிரைகளைப் பூட்டி இழுக்கச் செய்தார் என்பது பிரசித்தம். காற்றை முழுவதும் அகற்றியிருந்தால் அவற்றைப் பிரிக்க ஏறத்தாழ இரண்டு டன் பாரத்துக்கு ஈடான விசை வேண்டும். அவர் அறிந்து செய்தாரோ காட்சிக்காகச் செய்தாரோ, எட்டுக் குதிரைகளே போதும். மறுபக்கத்தில் நல்ல மரமொன்றில் கட்டியிருந்தாலும் இழுப்பு இம்மியும் குறைந்திராது.

இப்பொழுது சீட்டுகளுக்கு வருவோம். எண்ணெய் டின்னில் ஒரு துளை மட்டும் போட்டுச் சாய்த்தால், இறங்கிய எண்ணெயின் இடத்தை நிரப்ப உள்ளே காற்றுப் போக வழியில்லை. உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று துளையின் வாயில் நின்று எண்ணெயைத் தடுக்கிறது. இரண்டாம் துளை எண்ணெய்க்கன்று, காற்றுக்கு. மளிகைக் கடைக்காரர் டாரிசெல்லியின் பெயரைக் கேட்டிருக்க மாட்டார். ஆனால் அவருடைய ஆணி சரியான இடத்தில்தான் இறங்குகிறது. கவிழ்த்து வைத்த தண்ணீர்க் கேனும் அதுவே: கேனின் வாய் கீழேயிருக்கும் நீருக்குள் மூழ்கியிருக்கும் வரையில் காற்று நுழைய இயலாது, டம்ளரில் பிடித்து மட்டம் தாழ்ந்ததும் ஒரு குமிழி நுழைகிறது, 'குளக்' என்று சத்தம் கேட்கிறது, அந்தக் குமிழியின் அளவுக்கு நீர் இறங்குகிறது. குழலால் இளநீர் குடிக்கும்பொழுதும், நாம் செய்வது வாய்க்குள் அழுத்தத்தைக் குறைப்பது மட்டுமே. மிச்ச வேலையை, சீவிய கண்ணுக்குள் இறங்கி நிற்கும் காற்று செய்கிறது. நம்பாதவர்கள், மூடியில் துளையிட்டுக் குழலைச் செருகி, இடைவெளியை மெழுகால் அடைத்த கண்ணாடிப் புட்டியில் குடித்துப் பார்க்கலாம். கன்னம் வலிக்குமே ஒழிய இரண்டு மடக்குக்கு மேல் வராது.

ஊட்டிப் பருப்பின் சங்கதியும் இதே கடலைச் சேர்ந்தது. நீர் கொதிப்பது என்பது, நீராவி தன் மேல் அமர்ந்திருக்கும் காற்றை எதிர்த்துக் குமிழியாக எழுந்து நிற்பது. 2,240 மீட்டர் உயரத்தில் அமர்ந்திருக்கும் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் முக்கால் பங்குக்குச் சற்று அதிகமே ஆகையால், அங்கே நீர் 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அதற்கு மேல் எவ்வளவு விறகு வைத்தாலும் ஆவியாகிப் போகுமே தவிரச் சூடு ஏறாது. பருப்புக்கு வேண்டியது கொதி அன்று, சூடு. அதற்கு எதிர்மாறான வித்தைதான் பிரஷர் குக்கர்: மூடியின் துளைமேல் ஒரு குண்டை வைத்து, இன்னொரு காற்றுக் கடலின் பாரத்தை நாமாக ஏற்றினால், நீர் 120 டிகிரி வரையில் கொதிக்காமல் சூடேறுகிறது. இதை முதன்முதலில் செய்தவர் டெனி பாப்பின். 1679-இல் லண்டன் ராயல் சொஸைட்டியில் காட்டினார். 1682-இல் அதன் அங்கத்தினர்களுக்கு அதில் சமைத்து விருந்தே வைத்தார். கெட்டியான எலும்பும் மெத்தென்று வெந்திருந்ததாம். வெடித்துவிடாமல் இருக்க அவர் வைத்த பாரமேற்றிய அடைப்பின் பேரப்பிள்ளைதான் நம் சமையலறையில் இன்று விசில் அடிப்பது.

இந்தக் கொதியின் ரகசியம்தான் என் 34 அடியையும் தின்றுவிட்டது. பம்பின் வாயில் அழுத்தம் மிகக் குறைந்தால், அங்கே தண்ணீர் சாதாரணச் சூட்டிலேயே கொதித்துவிடுகிறது. ஆவிக் குமிழிகள் தோன்றி, அழுத்தம் கூடிய இடத்துக்குப் போனவுடன் பட்பட்டென்று நொறுங்குகின்றன. பெரியப்பாவின் பம்பில் நாங்கள் கேட்ட கூழாங்கல் அதுதான். பல நாள் குலுக்கினால் உள்ளேயிருக்கும் இரும்புச் சக்கரத்தையே அம்மைத் தழும்பு போலக் குழித்துவிடும். குடும்பக் கணக்குப் போலவே போட்டுப் பார்க்கலாம். கடல் மட்டத்தில் வரவு 34 அடி. கோயம்புத்தூர்ச் சீமை கடலுக்கு மேல் நானூறு மீட்டர் உயரத்தில் இருப்பதனால் ஒன்றரை அடி பற்று. வெயில் காலத்துத் தண்ணீரின் ஆவிக்கு ஒன்றரை அடி. புட்வால்வு, வளைவு, குழாயின் உட்புறத் துரு ஆகியவற்றின் உராய்வுக்கு மூன்று, நான்கு அடி. கொதிக்காமல் நீரை வாங்கிக்கொள்ளப் பம்பின் வாய் கேட்பது ஆறு, ஏழு அடி. மிச்சம் இருபது. கிழவர் சொன்ன எண் சரியாக வருகிறது. அவர் அதை எந்தக் கணக்கும் போடாமல், நூறு கிணறுகளில் இறங்கி ஏறிக் கண்டிருந்தார். இதில் எந்த வரியிலும் குதிரைச் சக்தி வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆகாயம் தள்ளுகிற அளவை மோட்டார் கூட்ட முடியாது. ஐந்து குதிரையல்ல, குவெரிக்கேயின் பதினாறு குதிரைகளையும் பூட்டினாலும் முடியாது.

ஆழத்திலிருந்து நீர் வேண்டுமானால், இழுக்கும் எண்ணத்தை விட்டுவிட்டுக் கீழே போய் மேலே தள்ள வேண்டும். தள்ளுவதற்கு இயற்கை எந்த எல்லையும் வைக்கவில்லை. குழாயின் உறுதியும் மின்கட்டணமுமே எல்லை. கிணற்றுச் சுவரில் திட்டுக் கட்டி மோட்டாரை இறக்குவதும், ஆழ்துளைக்குள் மூழ்கு மோட்டாரை விடுவதும் இந்த ஒரே எண்ணம்தான். சென்னை ரிச்சர்ட்ஸன் அண்டு கிரடாஸ் தொழிற்சாலையில் யுனிசெஃப் ஒத்துழைப்போடு 1970-களில் உருவம் பெற்று, தேசம் முழுவதும் தெருமுனைகளில் ஊன்றப்பட்ட இந்தியா மார்க் இரண்டு அடிபம்பிலும், கைப்பிடி மட்டும்தான் மேலே இருக்கிறது. தண்ணீரைத் தூக்குகிற உருளையும் வால்வும் நீண்ட கம்பியின் நுனியில், நீருக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கின்றன. அதனால்தான் பழைய அடிபம்புகள் வறண்டு நின்ற இடங்களிலும் அது நூறு அடிக்கு மேற்பட்ட ஆழத்திலிருந்து நீர் கொடுத்தது.

பெரியப்பாவும் கடைசியில் திட்டுக் கட்டினார். மோட்டாரைப் பன்னிரண்டு அடி இறக்கிய மறுநாளே தண்ணீர் எழுந்தது. அதுவும் அந்தப் பழைய மூன்று குதிரைச் சக்தி மோட்டாரிலேயே எழுந்தது. ஐந்து குதிரைக்கு வாங்கிய கடன் மட்டும் மூன்று வருஷம் எழுந்து நின்றது.

தென்னை பாக்கியிருக்கிறது. ஔவைப் பாட்டி நன்றியறிதலுக்கு உவமையாகக் காட்டிய மரம், 34 அடிச் சட்டத்தை எப்படி மீறுகிறது? கலிபோர்னியாவின் ரெட்வுட் மரங்கள் நூறு மீட்டருக்கு மேலும் நீரை ஏற்றுகின்றன. அவற்றுக்கு ஒரு காற்றுக் கடல் அன்று, பத்துக் கடல் வேண்டும். மண்ணெண்ணெய் விளக்கின் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல நுண்குழல் ஏற்றமோ என்றால், மரத்திலுள்ள குழல்களின் அகலத்துக்கு அது ஓரிரு முழத்துக்கு மேல் கொண்டுபோகாது. வேர் கீழிருந்து தள்ளுவது உண்டு. ஆனால் அது நண்பகலில், மரத்துக்கு நீர் மிகவும் வேண்டிய பொழுதில், போதவே போதாது. 1894-இல் டப்ளின் நகரத்து டிக்ஸன், ஜோலி என்னும் இருவர் சொன்ன விளக்கத்தைக் கேளுங்கள். வெயிலில் ஓலையிலிருந்து நீர் ஆவியாகிப் போகிறது. போன இடத்தில், ஓலையின் உயிரணுச் சுவர்களிலுள்ள மிக நுண்ணிய ஈர இழைகளுக்கிடையில், நீரின் மேற்பரப்பு உள்வாங்கி, அடுத்த நீரை இழுக்கிறது. அது அதற்கடுத்ததை இழுக்கிறது. இவ்வாறு ஓலையின் நுனியிலிருந்து வேரின் நுனி வரையில், காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாத மெல்லிய நீரிழைகள், முறுக்கேறிய கயிறுபோல, இழுபட்டு நிற்கின்றன. தண்ணீரின் துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் பற்று அவ்வளவு வலிது.

ஒரு பக்கத்தில் வைக்கச் சொன்ன கயிற்றை இப்பொழுது எடுத்துக்கொள்ளுங்கள். நீர்த் தூண் கயிறுபோல இழுவையைத் தாங்கும் என்று கலிலியோ எண்ணியது பம்பில் பிழை. ஏனென்றால் அங்கே காற்றும் குமிழியும் புகுந்து கயிற்றை முதலிலேயே அறுத்துவிடுகின்றன. மரத்திலோ அது மெய். தாம் நின்ற கிணற்றுக்குப் பொருந்தாத விடையை, பக்கத்தில் நின்ற மரத்துக்காகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் அந்த மனிதர். அந்தக் கயிறும் சில சமயம் அறுகிறது: 1966-இல் ஆமணக்கு இலைக்காம்பில் நுட்பமான கருவியை வைத்துக் கேட்டவர்கள், நீரின்றி வாடும் செடிக்குள் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து 'டிக், டிக்' என்று ஒலிப்பதைக் கேட்டார்கள். பெரியப்பாவின் பம்பில் கூழாங்கல் குலுங்கியதற்கு ஒன்றுவிட்ட உறவு அந்த ஒலி.

ஆகவே தலைப்பில் கேட்ட கேள்விக்கு இரண்டு விடைகள் இருக்கின்றன. குழலிலும் பம்பிலும் எவரும் உறிஞ்சவில்லை, ஆகாயம் தள்ளுகிறது. மரத்தில் உண்மையாகவே ஓர் இழுப்பு இருக்கிறது, இழுப்பது வெயில். இதை நான் பெரியப்பாவிடம் போய்ச் சொன்னபொழுது, விடைக்குப் பதினோரு வருஷம் எடுத்துக்கொண்டதைத்தான் அவர் முதலில் விசாரித்தார்.

பெட்டியில் இன்னும் பதின்மூன்று சீட்டுகள் இருக்கின்றன. அடுத்த மாதக் கூட்டத்தில் அவற்றை எடுத்துக்கொள்ளலாம் என்று நூலகர் சொல்லியிருக்கிறார். மோட்டாரைப் பற்றிக் கேட்ட நான்கு அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கூட்டம் முடிந்தபின் என்னைச் சந்திக்கும்பொழுது எத்தனை குதிரைச் சக்தி என்று சொல்லாதீர்கள். கயிற்றில் ஒரு கல்லைக் கட்டி, பம்பின் வாயிலிருந்து நீர்மட்டம் வரையில் அளந்து, எத்தனை அடி என்று சொல்லுங்கள்.